வேலை கேட்டு ஒரு கேலிக் மடல்



உலகத்தின் சிறுமொழிகளைக் குறித்து இம்மன்றத்தில் நடைபெற்றுவரும் சொற்பொழிவு வரிசையில், ஸ்காட்லாந்து தேசத்துக் கேலிக் மொழியைப் பற்றி நான் பேசவேண்டும் என்று முடிவாயிற்று. அம்மொழியைப் பற்றிப் பேச வருகிறவர் யாராயினும், தீவுப் பெண்கள் கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்துகையில் கூடிப் பாடிய பாட்டுகளையும், குலத்தலைவர்களின் அவைகளிலே வாழ்ந்த புலவர் பரம்பரையையும், 1943-ல் தம் காதற் கவிதைகளை வெளியிட்டு அம்மொழிக் கவிதையின் போக்கையே மாற்றிய ஸார்லி மக்லீனையும் எடுத்துரைப்பது வழக்கம். அவை அனைத்தும் பேசத்தக்கவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. எளியதாகத் தோன்றுவதாலேயே பலராலும் கவனிக்கப்படாதது. கேலிக்கைத் தாய்மடியில் கேளாமல், வயது வந்தபின் வகுப்பிலும் நூலிலும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர், ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்து அம்மொழியிலேயே மின்னஞ்சல் எழுதுகிறாரே, அந்த ஒரு மடலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரு மாலைப்பொழுது எதற்கு என்று சிலர் எண்ணலாம். கேலிக் மொழியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ஏனெனில் மக்கள் அம்மொழியைக் கைவிட்டதற்குரிய காரணங்களுள் முதன்மையானது பிழைப்பு. 1616-ல் ஸ்காட்லாந்தின் ஆலோசனைச் சபை திருச்சபை வட்டந்தோறும் பள்ளி அமைக்க ஆணை பிறப்பித்தபோது, ஆங்கிலம் பரவவேண்டும், மலைநாட்டாரின் பாஷை ஒழியவேண்டும் என்ற நோக்கத்தை ஒளிவுமறைவின்றியே அதில் எழுதிவைத்தது. 1872-ன் கல்விச் சட்டம் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அனுப்பக் கட்டளையிட்டது. கேலிக் என்று ஒரு மொழி நாட்டில் வழங்குவதாகவே அச்சட்டம் குறிப்பிடவில்லை. எனினும் சட்டங்களைக் காட்டிலும் ஆழமாக வேலை செய்தது வீட்டுக்குள் பெற்றோர் கூறிய புத்திமதி. கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் துறைக்குப் போகவும், அந்நகரத்துப் போலீசில் சேரவும், வணிகக் கப்பலில் மாலுமியாகவும், கனடாவுக்குக் கப்பலேறவும் ஆங்கிலம் வேண்டும். கேலிக் கரையைத் தாண்டி உதவாது என்று தாயும் தந்தையும் அன்பினாலேயே சொன்னார்கள். அன்பினால் சொல்லப்பட்டதனால் அச்சொல்லுக்கு எதிர்ப்பு எழவில்லை. 1891-ன் மக்கள்தொகைக் கணக்கில் 2,54,000-க்கும் மேற்பட்டோர் கேலிக் பேசியதாகப் பதிவாயிற்று. 2011-ன் கணக்கில் அத்தொகை 57,000 சொச்சமாகக் குறைந்துவிட்டது.

வேலைக்காகக் கைவிடப்பட்ட மொழியில் ஒருவர் வேலை கேட்டு எழுதுகிறார் என்றால், சரித்திரம் ஓரிடத்தில் திசை மாறியிருக்கிறது என்பது பொருள். அந்த மாற்றம் தானாக நேர்ந்ததன்று. 1973-ல் ஸ்கை தீவில், ஒரு பழைய பண்ணைக் கட்டடத்தில், சவல் மோர் ஓஸ்டைக் என்னும் கேலிக் கல்லூரி தோன்றிற்று. 1975-ல் மேற்குத் தீவுகளுக்கெனத் தனி ஆட்சிமன்றம் அமைந்து, இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. 1985-ல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸிலும் கேலிக் வழியாகவே பாடம் சொல்லும் தொடக்கப்பள்ளி வகுப்புகள் ஆரம்பமாயின. 2005-ல் கேலிக்குக்கென ஒரு சட்டமும், அதன்வழியே ஒரு வாரியமும் ஏற்பட்டு, பொது நிறுவனங்கள் மொழித்திட்டம் வகுக்கவேண்டிய கடமைக்கு உள்ளாயின. 2008-ல் கேலிக் தொலைக்காட்சி ஒளிபரப்பு தனி அலைவரிசையாகத் தொடங்கிற்று. 2025-ல் இயற்றப்பட்ட சட்டம் அம்மொழிக்கு ஆட்சிமொழி என்னும் தகுதியையும் அளித்திருக்கிறது. இவற்றின் பயனாக, ஆசிரியர், மழலைப்பள்ளிப் பணியாளர், செய்தியாளர், அருங்காட்சியக உதவியாளர், மொழி வளர்ச்சி அலுவலர் என்று பல வகையான உத்தியோகங்களுக்கு விளம்பரம் வெளியாகும்போது, 'கேலிக் இன்றியமையாதது' என்றோ, 'கேலிக் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது' என்றோ ஒரு வரி அதில் காணப்படுகிறது. அந்த ஒரு வரியைக் கண்டு எத்தனை பேர் நெஞ்சில் ஆசையும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன என்பது கற்பவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

கற்பவர்களின் தொகையும் இன்று சிறிதன்று. 2019-ன் இறுதியில் டுவோலிங்கோ என்னும் கைபேசிச் செயலியில் கேலிக் பாடம் வந்ததும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து லட்சக்கணக்கானோர் அதைத் தொடங்கினர். 2022-ன் கணக்கில் கேலிக் பேசுவோர் தொகை 69,000-ஐத் தாண்டியிருப்பதும், மேற்குத் தீவுகளில் மட்டும் கேலிக் பேசுவோரின் விகிதம் தேய்ந்து பாதிக்கும் கீழே போய்விட்டதும் ஒரே சமயத்தில் நிகழ்ந்த இரண்டு உண்மைகள். நகரத்தில் கற்பவர் பெருகுகிறார். தீவில் பிறவிப் பேச்சாளர் அருகுகிறார். இவ்விருவரும் சந்திக்கவேண்டிய இடங்களுள் ஒன்று நான் கூறும் விண்ணப்ப மடல்.

இனி அம்மடலையே அருகில் வைத்துப் பார்ப்போம். எடின்பரோவில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்யும் பெண்மணி ஒருவரை மனத்தில் கற்பித்துக்கொள்ளுங்கள். லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே நகரத்தில் தகவல் அலுவலர் பதவி ஒன்று காலியாக இருப்பதாக விளம்பரம் கண்டு, அவர் எழுத அமர்கிறார். ஸ்டோர்னவே என்ற பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பெருஞ்செல்வமாகிய மெக்கன்சி சுவடிகளைத் தொகுத்த காலின் மெக்கன்சி 1754-ல் அவ்வூரில் பிறந்தவர். அவர் காலத்தில் அந்தத் தீவிலிருந்து உத்தியோகம் தேடிப் புறப்பட்ட எவரும் தம் விண்ணப்பத்தைக் கேலிக்கில் எழுதியிருக்க வழியில்லை.

மடலின் முதற்சொல் விளி. முன்பின் அறியாத அதிகாரிக்கு எழுதும்போதும் கேலிக் மரபு அவரை 'நண்பரே' என்றே அழைக்கிறது: 'அ ஃகரிஜ்' என்பது அச்சொல். ஏறத்தாழ அரசாங்கக் கடிதங்களிலெல்லாம் இதுவே தலைப்பு. பெண்ணுக்கு எழுதுவதாயின் 'அ வன-ஃகரிஜ்' என்று எழுதலாம். பெயர் தெரிந்து, பெயரிட்டு அழைப்பதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் விளிக்கும்போது சொல்லின் கடைசி திரிகிறது. அண்ணன் 'அண்ணா' ஆகிறான், நம்பி 'நம்பீ' ஆகிறான். கேலிக்கிலோ சொல்லின் முதலெழுத்து நெகிழ்கிறது. ஆண்பெயராயின் ஈறும் மெலிகிறது. மாரி என்னும் பெண்ணை 'அ வாரி' என்றும், ஷேமஸ் என்னும் ஆணை 'அ ஹேமிஷ்' என்றும் கூப்பிடவேண்டும். ஆங்கிலேயர் இந்த விளி உருவத்தைக் கேட்டு அதையே பெயரென்று கொண்டதனால்தான் ஹேமிஷ் என்றொரு பெயர் ஆங்கிலத்தில் உலவுகிறது. பெயரை அகராதியில் உள்ளபடியே எழுதி மடலைத் தொடங்குகிறவர், உள்ளே எத்துணை நயமாக எழுதியிருந்தாலும், வாசலிலேயே தடுக்கி விழுந்தவர் ஆகிறார். முதல்வரி சரியாக இருக்கவேண்டும் என்பதை நான் வலியுறுத்துவதற்கு இது காரணம்.

அடுத்தது மரியாதை. நம்மிடம் நீ என்பதும் நீங்கள் என்பதும் இருப்பது போலவே அவர்களிடம் 'ஊ' என்பதும் 'ஷிவ்' என்பதும் உண்டு. தீவுகளில் மூத்தோரை, பல குடும்பங்களில் பெற்றோரையும், 'ஷிவ்' என்றே அழைப்பார்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு அற்றுப்போய்விட்டமையால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு கேலிக் கற்பவர்கள் பாடப்புத்தகத்தில் முதலில் பழகிய ஒருமையையே கடிதத்திலும் வைத்துவிடுகிறார்கள். மேலும் முன்னிலைப் பெயர் ஓரிடத்தில் மட்டும் ஒளிந்திருப்பதன்று. 'உங்களிடம்', 'உங்களுக்கு', 'உங்களிடமிருந்து' என்று வரும் ஒவ்வொரு உருபிலும் அது கலந்து நிற்பதால், தொடக்கத்தில் பன்மையும் முடிவில் ஒருமையுமாக மடல் தடுமாறுவது சகஜம். எழுதி முடித்தபின், மரியாதை ஒன்றை மட்டுமே கருதி, மடலை ஒருமுறை முழுதும் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி விண்ணப்பத்தின் நடுப்பகுதி. தமக்கு என்ன தெரியும், தாம் யார் என்பதை அந்தப் பெண்மணி கூறவேண்டும். ஆங்கிலத்தில் அனுபவத்தையும் பட்டத்தையும் திறமையையும் ஒருவர் உடைமையாகக் கொண்டிருப்பதாகக் கூற ஒரு வினைச்சொல் இருக்கிறது. கேலிக்கில் அது இல்லை, தமிழிலும் இல்லை. எனக்குத் தமிழ் தெரியும், என்னிடம் பணம் இருக்கிறது என்று நாம் சொல்வது போல, அவர்களும் 'ஹா காலிக் அக்கம்' என்கிறார்கள். 'கேலிக் என்னிடம் இருக்கிறது' என்பதே அதன் அமைப்பு. மொழியும் அனுபவமும் விருப்பமும் ஒருவரிடத்தில் இருக்கின்றன. பசியும் களைப்பும் ஒருவர்மேல் இருக்கின்றன. தொழிலோ ஒருவருக்குள் இருக்கிறது. கற்பவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்தக் கடைசி இடத்திலே. 'நான் நூலகர்' என்று சொல்ல விரும்பி, 'நான் இருக்கிறேன்' என்பதற்குரிய சொல்லையும் 'நூலகர்' என்ற சொல்லையும் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். கேலிக் அதை ஏற்பதில்லை. 'நான் என் நூலகருக்குள் இருக்கிறேன்' என்னும் வகையிலோ, 'நூலகரே என்னுள் இருப்பவர்' என்னும் வகையிலோதான் அதைச் சொல்லவேண்டும். வேலை விண்ணப்பத்தில் தன் தொழிலைக் கூறும் வாக்கியம் எப்படியும் வந்தே தீருமாதலால், இந்த ஓர் அமைப்பை நன்றாகப் பழகிக்கொள்ளாமல் மடல் எழுத உட்காரக்கூடாது.

எழுத்தின்மேல் இடும் சாய்கோட்டையும் மறத்தலாகாது. 1981-ல் வகுக்கப்பட்ட எழுத்து நெறிகளின்படி, நெடில் உயிரைக் காட்டுவதற்கு இடப்புறமாகச் சாயும் கோடு ஒன்றே இப்போது வழக்கு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. அந்தக் கோடு இருந்தால் படகு, இல்லாவிட்டால் கைத்தடி என்னும்படியான சொல் அம்மொழியில் உண்டு. விசைப்பலகையில் அதைத் தட்டச்சு செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளாமல், மின்னஞ்சல்தானே என்று விட்டுவிடுவோர், மடலைப் படிப்பவருக்கு அலட்சியத்தின் அடையாளத்தை அனுப்புகிறார்கள்.

இந்த இலக்கண நுட்பங்களைச் சொல்லிவந்த நான், இவற்றைக் காட்டிலும் முக்கியமானதாகக் கருதும் ஒன்றை இப்போது சொல்லவேண்டும். அந்தப் பெண்மணி எழுதக்கூடிய மடலின் நடுப்பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்: 'உங்கள் அலுவலகத்தில் காலியாக உள்ள தகவல் அலுவலர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். பொது நூலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். நான் கேலிக் கற்றுக்கொண்டிருப்பவள். கேலிக்கில் தொலைபேசியில் பேச என்னால் முடியும். கூட்டத்தில் பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொள்வேன். சிறு கடிதங்களை உதவியின்றி எழுதுவேன். நீண்ட அறிக்கை எழுதினால் ஒருவர் பார்த்துத் திருத்தவேண்டியிருக்கும். தீவில் வாழ்ந்து மேலும் கற்க விரும்புகிறேன். என் தன்விவரக் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.' இதற்குமேல் மரியாதையான ஒரு முடிவுரை. 'லெ தூரஃக்' என்று மனமார்ந்த வாழ்த்தோடு கையொப்பம். இந்த மடலில் அலங்காரம் ஒன்றுமில்லை. நீண்ட வாக்கியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் எழுதியவரின் வாயிலிருந்து வரக்கூடியது. நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் எந்த வாக்கியத்தைச் சுட்டிக் கேட்டாலும் அதே மொழியில் விரித்துச் சொல்ல அவரால் முடியும்.

விண்ணப்ப மடல், எழுதியவர் வேலையில் சேரும் முதல்நாளன்று பேசப்போகும் கேலிக்கின் அளவாகவே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குக் குறைந்து எழுதுவது கூச்சம். அதற்கு மிஞ்சி எழுதுவது கடன். தம் நிலைமையைக் கூறும்போது 'ஓரளவு தெரியும்', 'சரளமாக வரும்' என்று பொதுச்சொற்களால் கூறுவதைவிட, இன்ன காரியத்தை இம்மொழியில் செய்ய முடியும், இன்ன காரியத்துக்கு உதவி வேண்டும் என்று காரியத்தைக் கொண்டு கூறுவதே எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நன்மை. ஓர் அலுவலகத்துக்கு வேண்டியது அத்தகவல்தான். தொலைபேசி மணி அடித்தால் எடுத்துப் பேசக்கூடியவரா, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு உரையாடக்கூடியவரா, பத்திரிகைக் குறிப்பை எழுதித் தரக்கூடியவரா என்பவை அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்விகள்.

இந்த அளவை மீறச்செய்யும் சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது இயந்திர மொழிபெயர்ப்பு. 2016 முதல் கூகுள் மொழிபெயர்ப்புக் கருவியில் கேலிக்கும் இருக்கிறது. ஆங்கிலத்தில் விஸ்தாரமாக ஒரு விண்ணப்பம் எழுதி, அதை இயந்திரத்தின் வாயில் இட்டு, வெளிவருவதை அப்படியே அனுப்பிவிடலாம். அவ்வாறு வருவதில் இலக்கணப் பிழை குறைவாகவே இருக்கலாம். ஆனால் அதில் பேசுகிறவர் விண்ணப்பிப்பவர் அல்லர். மடலைப் பெற்றவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்துக் கேலிக்கில் இரண்டு கேள்வி கேட்டால், மடலுக்கும் குரலுக்கும் இடையேயுள்ள தூரம் வெளிப்பட்டுவிடும். சிறு சமூகத்தில் இத்தகைய காரியம் மறைவாக இருப்பதும் இல்லை. கேலிக் அலுவலகங்களில் பணிபுரிவோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

இரண்டாவது சோதனை அகராதி. இதைக் குறித்து நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் கேலிக்கின் மாபெரும் அகராதியே கற்பவர் ஒருவர் செய்தது. எட்வர்ட் டுவெல்லி 1864-ல் லண்டன் அருகே பிறந்த ஆங்கிலேயர். படைத்துறையிலும் நில அளவைத் துறையிலும் பணிபுரிந்து ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த காலத்தில் கேலிக்கைக் கற்றார். கற்றதோடு நில்லாமல் சொற்களைத் திரட்டத் தொடங்கி, 1901 முதல் 1911 வரை பகுதி பகுதியாகத் தம் படவிளக்க அகராதியை வெளியிட்டார். அச்சுக்கோப்பதையும் அச்சிடுவதையும் பிறரிடம் விடாமல் தாமே செய்தார். இதில் நம் பொருளுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் பெயரில் வரும் அகராதியைக் கேலிக் மக்கள் ஏற்பார்களோ என்று அஞ்சி, தொடக்கத்தில் அவர் ஈவன் மக்டொனால்ட் என்னும் கேலிக் புனைபெயரில் அதை வெளியிட்டார். வேற்றினத்தவர் என்னும் கூச்சம் அத்துணை பெரிய உழைப்பாளியையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இன்று அந்த அகராதியை எல்லோரும் டுவெல்லி என்ற அவருடைய சொந்தப் பெயராலேயே வழங்குகிறார்கள். தீவிலே பிறந்து வளர்ந்த பேராசிரியரும், ஒரு சொல்லில் ஐயம் வந்தால், 'டுவெல்லி என்ன சொல்கிறார்?' என்றுதான் பார்க்கிறார்.

அவர் தனியாகவும் அதைச் செய்துவிடவில்லை. அவர் மனைவியார் கேலிக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். அகராதிப் பணி முழுவதிலும் துணைநின்றவர். கற்றவரின் விடாமுயற்சியும் பிறவிப் பேச்சாளரின் செவியும் ஒன்று சேர்ந்ததனால் விளைந்தது அந்த நூல். வேலை விண்ணப்பத்துக்கும் இதுவே ஏற்ற வழி. தாமே எழுதுவது, எழுதியதைத் தாய்மொழியாளர் ஒருவரிடம் காட்டுவது, அவர் திருத்திய இடங்களில் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, அவரையே எழுதித் தரும்படி கேளாதிருப்பது. திருத்தத்துக்கும் மாற்றெழுத்துக்கும் இடையே உள்ள எல்லை இருவருக்கும் தெரிந்ததே.

டுவெல்லியின் அகராதியால் நேரும் இடர் என்ன என்றால், அது ஒரு நூற்றாண்டுக்கு முந்திய சொற்கடல். அவர் காலத்திலேயே வழக்கொழிந்த சொற்களும், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வழங்கிய சொற்களும், பழைய ஏடுகளில் மட்டும் கண்ட சொற்களும் அதில் உண்டு. இப்போது அது கணினியிலேயே கிடைப்பதால், கற்பவர் ஒரு கருத்துக்குரிய சொல்லைத் தேடும்போது ஐந்தாறு சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் மிகக் கம்பீரமாகத் தோன்றுவதை எடுத்து அவர் மடலில் பதித்துவிடுகிறார். 'பதவி' என்னும் பொருளுக்கு, விளம்பரத்திலேயே அந்த அலுவலகம் ஒரு சொல்லை வழங்கியிருக்கும். அதை விட்டுவிட்டு அகராதியில் அகழ்ந்தெடுத்த சொல்லை எழுதுவதால் என்ன பயன்? விளம்பரத்தை ஊன்றிப் படித்து, அதில் அவர்களே ஆண்ட சொற்களைத் தம் மடலில் ஆள்வது பணிவும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

மடலைப் பெறுகிறவர் பக்கம் திரும்புவோம். தீவிலே பிறந்து, வீட்டில் கேலிக்கும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த தலைமுறையினர் பலர், தம் மொழியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆலயத்தில் வேதபுத்தகத்தைப் படிப்பார்கள். ஆனால் ஓர் உத்தியோகக் கடிதம் எழுதுவதென்றால் ஆங்கிலத்தையே நாடுவார்கள். பள்ளி அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. 1872-ல் விதைத்தது இவ்வாறு நெடுங்காலம் விளைந்தது. ஆகவே எழுத்தில் கற்பவர் மட்டுமே கூசுகிறார் என்று எண்ணுவது பிழை. எழுதக் கற்றவர் பேசக் கூசுகிறார். பேசப் பிறந்தவர் எழுதக் கூசுகிறார். கற்பவரின் மடலைக் கையில் எடுக்கும் அலுவலரின் உள்ளத்திலும் சிறு தயக்கம் இருக்கக்கூடும் என்பதை அறிந்தால், விண்ணப்பிப்பவரின் அச்சத்தில் பாதி நீங்கும்.

பேச்சில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். கற்பவர் கேலிக்கில் இரண்டு வாக்கியம் தடுமாறிப் பேசியவுடன், எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். இது வெறுப்பினால் நிகழ்வதன்று. அந்நியர் முன்னிலையில் ஆங்கிலம் பேசுவதே நாகரிகம் என்று பல தலைமுறையாகப் பழகிப்போன உபசாரம் அது. கற்பவருக்கோ அது கதவடைப்பாகத் தோன்றி மனத்தை வருத்துகிறது. மடலில் அந்த இடையூறு இல்லை. எழுதியவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கிடமுடியாது; படிப்பவரும் ஆறஅமரப் படிக்கலாம்; கேலிக்கில் வந்த மடலுக்குக் கேலிக்கிலேயே பதில் எழுதுவது இன்றைய பொது நிறுவனங்கள் பலவற்றின் கொள்கையுமாகும். ஒரு பகல்பொழுது முழுவதும் கேலிக்கில் நிலைத்திருக்கத் திணறுகிறவர், ஒரு பக்க மடல் முழுவதும் கேலிக்கில் நிலைத்திருக்க முடியும்.

இந்த இடத்தில் நியாயமான ஆட்சேபம் ஒன்று எழுகிறது. தீவிலே பிறந்தவனுக்குரிய வேலையை, எங்கிருந்தோ வந்து மொழியைக் கற்றவர் எடுத்துக்கொள்ளலாமா என்பது அது. 2020-ல் வெளியான ஆய்வு நூலொன்று, தீவுகளில் கேலிக்கை அன்றாட வாழ்க்கை மொழியாகக் கொண்டோர் 11,000 பேர் அளவினரே என்று மதிப்பிட்டு, பத்தாண்டு காலத்துக்குள் சமூக மொழி என்ற நிலையிலிருந்து அது அற்றுப்போகக்கூடும் என்று எச்சரித்தது. அத்தகைய நிலையில் அம்மக்களுக்கு முதலிடம் வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறை கூறமாட்டேன். பிறவிப் பேச்சாளரும் கற்றவரும் சமமான தகுதியோடு வந்து நின்றால், தீவின் பிள்ளைக்கு வேலை கொடுப்பதே தர்மம் என்பது என் கருத்து. ஆனால் காலியான இடங்களுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கேலிக் வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடையாமை அந்நாட்டில் நெடுநாளாகப் பேசப்படும் குறை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் தீவின் பிள்ளையும் ஆங்கிலத்திலேயே படிக்கிறான். அந்த நாற்காலியில் கற்றவர் ஒருவர் வந்து அமர்ந்தால் மொழிக்கு நஷ்டமில்லை. நாற்காலி காலியாக இருந்தால்தான் நஷ்டம்.

கவிஞர் ஸார்லி மக்லீன் பிளாக்டன் என்னும் ஊரிலே தலைமையாசிரியராக இருந்தபோது, மேல்நிலைத் தேர்வில் கற்பவர்களையும் தாய்மொழியாளர்களையும் ஒரே வினாத்தாளால் அளப்பது அநீதி என்று நெடுங்காலம் வாதாடினார். 1968-ல் கற்பவர்களுக்கெனத் தனித்தேர்வு ஏற்பட்டது. ராசே தீவில் பிறந்து, அம்மொழியின் ஈடற்ற கவிஞராக விளங்கியவர், அம்மொழியைத் தட்டித் தடவிக் கற்கும் பிள்ளைகளுக்காகப் போராடினார் என்பதை உத்தியோக விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்போர் நினைவிற்கொள்ளவேண்டும். பிழையற்ற ஆங்கில விண்ணப்பமும், இரண்டு பிழைகளோடு கூடிய கேலிக் விண்ணப்பமும் ஒரே மேசையில் கிடந்தால், கேலிக் வேலைக்கு எதை முதலில் எடுத்துப் படிக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கற்பவர்களுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே. விளம்பரத்தில் குறித்த கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே எழுதத் தொடங்குங்கள். முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு பிறகு பெயர்க்காதீர்கள். தெரிந்த கேலிக்கில் தொடங்கி, தெரிந்த கேலிக்கில் முடியுங்கள். விளியையும் மரியாதையையும் சாய்கோட்டையும் தனித்தனியே சரிபாருங்கள். மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வேலை கிடைக்காமற் போனாலும், என் கேலிக் எந்த இடத்தில் போதவில்லை என்று அந்த அலுவலகத்துக்குக் கேலிக்கிலேயே இன்னொரு மடல் எழுதிக் கேளுங்கள்.